கேட்டால்தான் தண்ணீர்

நாத்தனார் என்றால் அண்ணியைப் பற்றி நாலு குறையாவது சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். என்னிடம் அந்தச் சரக்கு இல்லை. பதினோரு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறேன், தேடியும் பார்த்துவிட்டேன். அகப்பட்டது ஒன்றே ஒன்று, அவளுடைய வேகம். அதைக்கூடக் குறை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வாயைப் பிளந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நாங்கள்தானே.

அண்ணி ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ். டாக்டருக்கு எதிரே நின்று கருவிகளை எடுத்துக் கொடுக்கும் வேலை. டாக்டர் தலையைத் திருப்ப மாட்டார், வாயைத் திறக்க மாட்டார், கையை மட்டும் நீட்டுவார். நீட்டிய கையில் வேண்டிய கருவி 'பட்'டென்று வந்து உட்கார வேண்டும். கத்தியா, இடுக்கியா, நூல் கோத்த ஊசியா என்பதை அவர் முழங்கை அசைவதை வைத்தே அண்ணி கண்டுபிடித்துவிடுவாள். பதினாறு வருஷத்தில் டாக்டர் ஒருமுறைகூட அவளிடம் கேட்டு வாங்கியதில்லை என்று அந்த ஆஸ்பத்திரியில் பெருமையாகச் சொல்வார்கள்.

அப்படிப்பட்ட கை வீட்டுக்கு வந்தால் சும்மா இருக்குமா? அண்ணன் பஸ் டிரைவர். ஷிப்டு முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் துண்டு தோளில் கிடக்கும். எனக்குத் தும்மல் வரப்போவது என் மூக்குக்கே தெரியாது, அதற்குள் கைக்குட்டை வந்துவிடும். பெரிய பெண்ணுக்குப் பத்து வயசு. அம்மாவின் வேகம் அவளுக்கு நாக்கில் இறங்கியிருக்கிறது. தங்கைக்காக எல்லா இடத்திலும் அவளே ஆஜராகிப் பேசுவதால் நாங்கள் அவளை வக்கீல் என்று கூப்பிடுகிறோம். தங்கைக்குப் பெயர் கடுகு. வயது ஒன்றரை.

கடுகு பத்தாம் மாதம் நின்றாள். பதினோராம் மாதம் நடந்தாள். ஒரு வயசு முடிவதற்குள் சோபாவில் ஏறி, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தெருவே தன்னுடையது என்பது போல நின்றாள். ஒவ்வொன்றையும் அண்ணி பிரிட்ஜில் ஒட்டிய காலண்டரில் குறித்து வைத்திருக்கிறாள். அதில் அண்ணனின் ஷிப்டு பச்சை மையில், அவளுடையது நீல மையில், வக்கீலின் நீச்சல் வகுப்பு, கடுகின் தடுப்பூசி, எத்தனாவது பல் என்றைக்கு முளைத்தது, டிரைவிங் ஸ்கூலில் நான் பழக்கும் ஆட்களின் டெஸ்ட் தேதி என்று எறும்பு புக இடமிருக்காது. இருபத்தாறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் கட்டம் காலியாக இருந்தது. அன்றைக்கு அண்ணிக்கு நாற்பது வயசு நிறைகிறது.

"ஒரு பிறந்தநாளுக்காவது லீவு போட்டிருக்காளா அவ? இந்தத் தடவை அவளுக்கே தெரியாம எல்லாரையும் கூப்பிடறேன்" என்றான் அண்ணன். அண்ணிக்குத் தெரியாமல் இந்த வீட்டில் ஒரு கொசுகூடப் பறக்காது என்று சொல்ல நினைத்தேன். அவன் ஆசையைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன். இரண்டு நாள் கழித்து அண்ணி என்னைத் தனியாக இழுத்துப் போனாள். "முப்பது நாற்காலி வாடகைக்குச் சொல்லிட்டேன். உங்க அண்ணன் கேக் மட்டும்தான் சொல்லியிருக்காரு. வர்றவங்க நின்னுக்கிட்டேவா சாப்பிடுவாங்க? எனக்குத் தெரியும்னு அவர்கிட்ட மூச்சு விடாத, பாவம்."

அதற்குள் பதினாலாம் தேதி வந்தது. கடுகுக்குப் பதினெட்டு மாதப் பரிசோதனை. அண்ணனுக்கு அன்று ஓய்வு, வக்கீலுக்குப் பள்ளி விடுமுறை. வண்டி நான் ஓட்ட, குடும்பமே ஒரு கல்யாணத்துக்குப் போவது போலக் கிளம்பிப் போனோம்.

குழந்தைகளைப் பார்க்கும் நர்ஸ் எடை பார்த்தார், உயரம் பார்த்தார். முதுகுக்குப் பின்னால் மணியை ஆட்டினார். கடுகு சட்டென்று திரும்பினாள். மரக்கட்டைகளைக் கொடுத்தார்; நாலு கட்டையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். அண்ணன் எங்களைப் பார்த்துக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

"எத்தனை வார்த்தை பேசறா?" என்று நர்ஸ் கேட்டார்.

"அவளுக்கு எல்லாம் புரியும். பந்துன்னா பந்தைப் பார்ப்பா, லைட்னா..." என்று வக்கீல் ஆரம்பித்தாள்.

"புரியறது சரி கண்ணு. சொல்றது எத்தனை?"

வக்கீலே வாயடைத்துப் போனது அன்றைக்குத்தான்.

"சரி, எதையாவது விரல் நீட்டிக் காட்டுவாளா? தண்ணி வேணும்னா எப்படிக் கேப்பா?"

நாங்கள் நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அந்த நேரத்தில் கடுகு லேசாகக் கழுத்தைத் திருப்பினாள், அவ்வளவுதான். பாட்டில் பையிலிருந்து வந்து, மூடி திறந்து, அவள் உதட்டில் இருந்தது. எடுத்தோம் என்பதே அண்ணிக்குத் தெரியவில்லை. நர்ஸ் பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டார்.

"அவ கேட்டதே இல்ல, அப்படித்தானே?"

அண்ணி தன் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தாள்.

"பழக்கத்தாலயும் இருக்கலாம், வேற காரணமும் இருக்கலாம். இப்ப எதுவும் சொல்ல முடியாது. ரெண்டு வாரம் கை கட்டி உக்காந்து பாருங்க. இருபத்தெட்டாம் தேதி கூட்டிட்டு வாங்க. அப்பவும் கேக்கலைன்னா பெரிய டாக்டருங்க பாக்கட்டும்" என்றார் நர்ஸ். வேறு காரணம் என்ற வார்த்தை எங்களுக்கு வெறும் வார்த்தை. ஆஸ்பத்திரியிலேயே வாழ்கிற அண்ணிக்கு அதில் ஒவ்வொன்றும் பெயரோடு தெரியும். அவள் கடுகைத் தூக்கி மடியில் இறுக்கிக்கொண்டாள்.

திரும்பும் வழியில் வண்டியில் அண்ணி சொன்னாள், "நான்தான் அவ வாயை அடைச்சுட்டேன். இல்ல, அவளுக்கு ஏதோ இருக்கு, அதைக் கவனிக்காம விட்டுட்டேன். ரெண்டுல எதுவானாலும் நான்தான்."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. வண்டியை ஓரம் கட்டினேன். "எல்லாத்துக்கும் நீங்கதானா? நாங்க மூணு பேரும் பதினெட்டு மாசமா வீட்டுல கொட்டாவி விட்டுக்கிட்டா இருந்தோம்? பாட்டிலை நான் எடுக்கல? பிஸ்கட்டை உங்க புருஷன் ஊட்டல? தப்புலகூட எங்களுக்குப் பங்கு தர மாட்டீங்களா?"

அண்ணி என்னை நிமிர்ந்து பார்த்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "சரி. அப்ப எல்லாருமே நிறுத்துங்க" என்றாள்.

சட்டம் அன்று மாலையே அமலுக்கு வந்தது. நேரத்துக்குச் சாப்பாடும் பாலும் தண்ணீரும் உண்டு. குழந்தையை யாரும் வாட விடப்போவதில்லை. நடுவில் எது வேண்டுமானாலும் அவள் கேட்டால்தான். விரல் நீட்டலாம், சத்தம் போடலாம், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகலாம். ஏதோ ஒரு விதத்தில் கேட்க வேண்டும். வெறும் அழுகை கணக்கில் வராது.

சட்டத்தைப் போட்டவளே நாலாவது நிமிஷத்தில் மீறினாள். பந்து அலமாரிக்கு அடியில் உருண்டது, அண்ணி குனிந்தாள், பந்து கடுகின் கையில் இருந்தது. "கை தானாப் போகுது" என்று தன் கையையே திட்டினாள். அண்ணன் சமையலறைக் கதவுக்குப் பின்னால் திருட்டுத்தனமாகப் பிஸ்கட் கொடுத்து வக்கீலிடம் கையும் களவுமாகப் பிடிபட்டான். வக்கீலோ தங்கையைப் பார்த்த உடனே "அவளுக்கு" என்று ஆரம்பித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வாள். நான் மட்டும் யோக்கியம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எனக்குத் தொழில் கைகொடுத்தது.

"அண்ணி, கத்துக்கறவங்க ஓட்டும்போது என் சீட்டுக்கு அடியிலயும் ஒரு பிரேக் இருக்கும். சும்மா சும்மா அதை மிதிச்சா அவங்க ஓட்டவே கத்துக்க மாட்டாங்க. முதல் மாசம் என்னால காலைக் கட்டுப்படுத்தவே முடியல. அப்புறம் இடது காலால வலது காலை அழுத்திப் பிடிச்சுக்க ஆரம்பிச்சேன்" என்றேன்.

மறுநாள் காலையில் பார்த்தேன். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், ஒரு மணிக்கட்டை மறு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கடுகு முதல் நாள், வழக்கமான கடை பூட்டிக் கிடப்பதைப் பார்த்த வாடிக்கையாளர் மாதிரி எங்களைப் பார்த்தாள். இரண்டாம் நாள் அழுதாள். மூன்றாம் நாள் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறித் தானே எடுத்துக்கொண்டாள். கெட்டிக்காரத்தனத்துக்குக் குறைச்சல் இல்லை. கேட்பது மட்டும் நடக்கவில்லை. ஐந்து, ஆறு, ஏழு என்று நாட்கள் போயின. எட்டாம் நாள் துணிப்பொம்மை கட்டிலுக்குப் பின்னால் விழுந்துவிட்டது. முக்காலி அங்கே உதவாது. கடுகு தரையில் உட்கார்ந்து அழுத அழுகை தெருமுனைவரை கேட்டிருக்கும். அண்ணி எட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். மணிக்கட்டைப் பிடித்த இடம் சிவந்து போயிருந்தது. கண்ணிலிருந்து வழிவதைத் துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை. கடைசியில் கடுகு அழுது ஓய்ந்து, பொம்மையை மறந்து, எழுந்து போய்விட்டாள். அண்ணி சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள்.

அண்ணியின் வேகத்தைப் பார்த்து நான் எத்தனையோ முறை அசந்து போயிருக்கிறேன். ஆனால் அவளை நான் மனசுக்குள் கும்பிட்டது அந்தச் சாயங்காலம்தான். வேகம் அவளுக்குப் பிறவியிலேயே வந்தது. அதை அடக்கி நிற்பதற்கு அவள் எங்கிருந்தோ பலத்தைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. விரல் நீளவில்லை. இன்னும் இரண்டே நாள். விருந்தாளிகள் வந்தார்கள், அண்ணன் "ஆச்சரியம்!" என்று கத்தினான், அண்ணி நெஞ்சில் கை வைத்து அப்படியே மலைத்து நின்றாள். நடிப்பிலும் அவளை மிஞ்ச முடியாது.

வந்தவர்கள் அத்தனை பேரும் ஆபரேஷன் தியேட்டர் ஆட்கள். மயக்க மருந்து டாக்டர், நர்சுகள், நடுநாயகமாக அறுவை சிகிச்சை டாக்டர். இதில் இருந்த ஆபத்தை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. கேட்பதற்கு முன்னால் கொடுக்கும் கைகள் இதுவரை வீட்டில் நாலு ஜோடிதான். இப்போது முப்பது ஜோடி. கடுகு கூடத்துக்கு வந்து இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. ஒரு கையில் பிஸ்கட், மறு கையில் கரண்டி, கழுத்தில் கைக்குட்டை, தலையில் காகிதத் தொப்பி. பன்னிரண்டு நாள் பட்ட பாடு எங்கள் கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தது.

"எல்லாரும் கையை எடுங்க!"

அண்ணி குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கூடம் அப்படியே நின்றது. அவள் எதையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள்; செவ்வாய்க்கிழமை என்ன இருக்கிறது என்பதையும் சொன்னாள். டாக்டர்தான் முதலில் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். அடுத்தவர் வைத்தார். பிறகு எல்லோரும். முப்பது பேர் தங்கள் கைமேல் தாங்களே உட்கார்ந்திருந்தார்கள்.

"கேக்கை வெட்ட வேண்டாமா?" என்றான் அண்ணன்.

"அது எங்கயும் ஓடிப்போகாது" என்றாள் அண்ணி.

வெயில் நேரம். பிஸ்கட் தின்ற கடுகுக்கு விக்கல் வந்தது. மேஜைமேல் கண்ணாடி ஜாடியில் தண்ணீர் இருந்தது. அதைப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள், அவன் மின்விசிறி சுற்றுவதை எண்ணிக்கொண்டிருந்தான். வக்கீலைப் பார்த்தாள், அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தாள். என்னைப் பார்த்தாள், நான் வலது கால் மரத்துப்போகும்வரை அதை இடது காலால் மிதித்துக்கொண்டிருந்தேன். வரிசையாக முப்பது பேரையும் பார்த்தாள். கடைசியில் அம்மாவைப் பார்த்தாள். அண்ணி அவளுக்கு எதிரே மண்டியிட்டு, கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் பிடித்திருந்தாள்.

விக்கல். இன்னொரு விக்கல். கடுகின் புருவம் நெரிந்தது. இந்தக் கூட்டத்துக்கு எதையும் சொன்னால்தான் புரியும் என்ற முடிவுக்கு வந்தவள் மாதிரி, குட்டிக் கை மேலே எழும்பியது. மூடிய கையிலிருந்து ஒரு விரல் பிரிந்து ஜாடியைக் காட்டியது.

"தா!"

ஒருவரும் அசையவில்லை. அண்ணியும் அசையவில்லை. அவளுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

"சிஸ்டர்" என்றார் டாக்டர். பதினாறு வருஷத்தில் அவளிடம் ஒன்றைக் கொடுக்கச் சொல்லி அவர் வாய் திறந்தது அப்போதுதான். "பாப்பா கேட்டுட்டா. குடுங்க."

அண்ணி எழுந்து ஓடி ஊற்றினாள். பாதித் தண்ணீர் டம்ளரில், பாதி மேஜையில். கடுகு மடக் மடக்கென்று குடித்து முடித்தாள். பிறகு ஆரம்பித்தது கூத்து. கடிகாரத்துக்கு ஒரு "தா". கேக்குக்கு ஒரு "தா". டாக்டர் மூக்குக் கண்ணாடிக்கு ஒரு "தா". அவர் கழற்றியே கொடுத்துவிட்டார். நர்சுகள் அழுதுகொண்டே கை தட்டினார்கள். அண்ணன் கையில் இருந்த கேக் கத்தியை எங்கே வைப்பது என்று தெரியாமல் பேந்தப் பேந்த விழித்தான்.

அந்த அமர்க்களத்தில் அண்ணி மெல்லப் பின்னால் வந்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். முகமெல்லாம் ஈரம். கை இரண்டும் மடியில் சும்மா கிடந்தன. என்னைப் பார்த்தாள்.

"எனக்கும் ஒரு டம்ளர் தண்ணி தர்றியா?"

நான் அப்படியே நின்றேன். என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. பதினோரு வருஷத்தில் தனக்கென்று அவள் என்னிடம் கேட்ட முதல் பொருள் அது. நானும் அவளுக்கு எதுவும் வேண்டியிருக்கும் என்று ஒரு நாள்கூட நினைத்துப் பார்த்ததில்லை. வக்கீல் என் இடுப்பில் இடித்தாள்.

"அத்தை, அம்மா கேக்கறாங்க."

ஓடினேன். வழியும்வரை ஊற்றிக்கொண்டு வந்து கொடுத்தேன். அண்ணி ஒரே மூச்சில் குடித்தாள். குடித்துவிட்டு டம்ளரை என் பக்கம் நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம்."