பூசைக்கு வைத்த பெட்டி

எங்கள் ஆபீசில் ஆயுத பூசைக்குக் கம்ப்யூட்டரை அணைக்க முடியாது. கீபோர்டுக்காவது ஓய்வு கொடுக்கலாம் என்று எங்கள் குழுத் தலைவர் அறிவழகன் அண்ணன் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார். குமாரபாளையத்துத் தறிக்கூடமெல்லாம் கழுவி வாழைமரம் கட்டி நிற்கிற நாளில் நாம் மட்டும் தட்டிக்கொண்டிருந்தால் சாமி குத்தம் என்பார். ஆகவே எல்லோருடைய கீபோர்டும் மவுசும் சந்தனம் குங்குமம் வாங்கிக்கொண்டு, வாழையிலையில் பொரிகடலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடும். மறுநாள் காலைவரை தொடக் கூடாது. டியூட்டியில் இருக்கிறவர் திரையைப் பார்த்தால் போதுமாம். இந்த வருசம் டியூட்டி எனக்கு. கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதற்கா எங்கப்பா என்னை இஞ்சினியரிங் படிக்க வைத்தார் என்று காலையிலேயே எரிச்சலாக இருந்தது.

நாங்கள் பார்த்துக்கொள்வது ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களை. பெயர் வேண்டாம். டாக்டர் ரத்தப் பரிசோதனை கேட்டால் அந்தக் கேள்வி லேபுக்குப் போக வேண்டும். லேப் மெஷின் சொல்லும் முடிவு டாக்டர் திரைக்குத் திரும்ப வேண்டும். நடுவில் நின்று வாங்கிக் கொடுப்பது ஒரு மென்பொருள். அது ஒழுங்காக வாங்கிக் கொடுக்கிறதா என்று கண்காணிப்பது எங்கள் பிழைப்பு. ஒவ்வொரு கேள்வியும் என் திரையில் ஒரு கோடாகக் கிளம்பும். நாலைந்து சர்வர்களைத் தாண்டி, லேபைத் தொட்டு, பதிலோடு திரும்பும். ஆள் பெயர் எங்களுக்குத் தெரியாது, எண் மட்டும்தான். அந்த ஆஸ்பத்திரியின் வாசலைக்கூட நான் மிதித்ததில்லை. ஆனால் யாரோ ஒருவர் உடம்புக்குள் என்ன நடக்கிறதென்ற சேதி என் கண்ணெதிரே ஓடுகிறது. வேலையில் சேர்ந்த அன்று அதைப் பார்த்து வாயைப் பிளந்தேன். எனக்கு அந்த அதிசயம் இன்னும் தீரவில்லை. சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்வதில்லை.

அன்றைக்குத் திரை முழுக்கப் பச்சை. பிழை என்று ஒன்றுகூட இல்லை. இருந்தும் ஏதோ உறுத்தியது. எங்கள் வீட்டு முன்கூடத்தில் தறி ஓடுகிறது. ஓடும்வரை அந்தச் சத்தம் யாருக்கும் காதில் விழாது, நின்றால்தான் அடுப்படியில் இருக்கிற அம்மா தலையைத் தூக்கிப் பார்ப்பாள். நானும் அப்படித்தான் தலையைத் தூக்கினேன். லேப் முடிவுகள் வரும் கட்டத்தைப் பார்த்தேன். பிழை இல்லை. முடிவும் இல்லை. ஒன்றுமே வராத இடத்தில் பிழை மட்டும் எங்கிருந்து வரும்?

“அண்ணா, லேப்ல இருந்து ஒண்ணுமே வரலீங்க.”

கற்பூரத் தட்டோடு நின்ற அறிவழகன் அண்ணன் எட்டிப் பார்த்தார். “இன்னைக்கு ஊரே லீவு சாமி. ஆஸ்பத்திரிலயும் கூட்டம் கம்மியாத்தான் இருக்கும்.”

“கூட்டம் கம்மின்னா கேக்கறதும் நின்னிருக்கோணுமுங்களே. டாக்டருங்க கேட்டுட்டுத்தான் இருக்கறாங்க.”

அப்போதுதான் அந்தக் கோட்டைப் பார்த்தேன். தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து, அவசரம் என்ற சிவப்புப் புள்ளியோடு கிளம்பியிருந்தது. லேப் வரைக்கும் போயிருக்கிறது. அதற்கப்புறம் வெறும் வெள்ளை. திறந்து பார்க்கலாம் என்றால் கை வைக்க மேசையில் ஒன்றும் இல்லை. எழுந்து போய் இலையிலிருந்து என் கீபோர்டை உருவினேன். பொரி சிதறியது.

“பூசைக்கு வெச்சத எடுக்காத சாமி.”

“நீங்க கற்பூரத்தக் காட்டுங்கண்ணா. சாமிகிட்ட நான் பேசிக்கறேன்.”

குங்குமம் விரலில் ஒட்ட ஒட்டத் தட்டித் திறந்தேன். கேட்டிருந்தது பொட்டாசியம். அது ஐந்தைத் தாண்டக் கூடாது, ரொம்ப ஏறினால் இதயத்தையே நிறுத்திவிடும் என்று ஆஸ்பத்திரிப் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அந்த எண்ணுக்குரியவர் எங்கோ படுத்திருக்கிறார். பக்கத்தில் ஒரு டாக்டர் வெறும் திரையைப் பார்த்து நிற்கிறார்.

லேபுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. திரும்பப் போட்டேன். காளிதாஸ் என்கிற டெக்னீசியன் எடுத்தார். பின்னால் மணிச் சத்தம்.

“மெஷின் ஓடுதுங்களா?”

“ஜோரா ஓடுதுங்க மேடம்.”

“அப்பறம் ஏன் முடிவு வரல? மெஷினுக்குப் பக்கத்துல டிபன் பாக்ஸ் கணக்கா ஒரு பெட்டி இருக்குமே, அதுல லைட்டு எரியுதுங்களா?”

“அதப் பூசைக்கு வெச்சிருக்கறமுங்க.”

“பூசைக்கா?”

“ஓடற மெஷின நிறுத்த முடியாதுங்களே. லேப் சார்பா எதையாச்சும் வெக்கோணுமல்லங்க. அது ஒரு வேலையுமில்லாம சும்மா உக்காந்திருக்குதேன்னு, ஒயரக் கழட்டித் தொடச்சு, பொட்டு வெச்சு...”

அந்தச் சும்மா உட்கார்ந்திருக்கும் பெட்டிதான் மெஷின் சொல்வதை வாங்கி எங்களுக்கு அனுப்புகிறது. ஒரு நாளும் தவறாமல் அனுப்பியதால், மெஷினின் சொந்தத் திரையை அங்கே யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதே இல்லை. திட்ட வாயெடுத்தேன். என் மடியில் கிடந்த கீபோர்டின் பொட்டைப் பார்த்ததும் அடங்கிவிட்டேன்.

“காளிதாஸ், பெட்டிய அப்பறம் பாருங்க. மொதல்ல மெஷின் திரையில இந்த எண்ணத் தேடுங்க” என்று எண்ணைச் சொன்னேன்.

தேடினார். “பொட்டாசியம்... ஏழுக்கு மேல காட்டுதுங்க.” குரல் மாறிவிட்டது. “வார்டு மேல் மாடிதானுங்க. நானே ஓடறேன்.”

போனை வைக்காமலே ஓடிவிட்டார். செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்தது. மணியும் நின்றுவிட்டது. அறிவழகன் அண்ணன் தட்டோடு என் பின்னால் வந்து நின்றார். கற்பூரம் அணைந்ததை அவர் கவனிக்கவில்லை.

ரொம்ப நேரம் கழித்து யாரோ அந்தப் பெட்டிக்கு ஒயரைச் சொருகினார்கள். தேங்கி நின்றதெல்லாம் மடை திறந்த மாதிரி வந்தது. சர்க்கரை, உப்பு, ரத்த அணுக்கள், யார் யாருடைய உடம்போ, கோடு கோடாகத் திரையை நிறைத்துக்கொண்டு டாக்டர்களைத் தேடி ஓடியது. ஒன்றுகூட வழி தவறவில்லை. எனக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. “அடேங்கப்பா” என்றார் அண்ணன் மெதுவாக. அவருக்கும் அந்த அதிசயம் தீரவில்லை போல.

சிவப்புப் புள்ளிக் கோடும் போய்ச் சேர்ந்தது. சேர்ந்து என்ன, காளிதாஸ் நேரத்துக்குப் போனாரா? கேட்கலாம் என்றால் லேபில் அவர் வைக்காமல் போட்டுவிட்டுப் போன போனை யாரும் எடுக்கவில்லை. வார்டுக்குப் போன் போட எங்களுக்கு அனுமதியில்லை. நான் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். பூசணிக்காய் உடைக்கக் கூப்பிட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் போகவில்லை.

“சாமி, இங்க பாரு” என்றார் அண்ணன்.

திரையின் இடது ஓரத்தில் ஒரு புள்ளி முளைத்தது. அதே எண். அதே வார்டு. மறுபடியும் பொட்டாசியம் கேட்டிருந்தார்கள். போய்விட்டவருக்கு யாரும் இரண்டாம் தடவை ரத்தம் எடுக்க மாட்டார்கள். அந்தப் புள்ளி கோடாக நீண்டு, ஒவ்வொரு சர்வராகத் தாண்டி, பொட்டு வைத்த பெட்டி இருக்கிற லேபை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.