அக்கரையில் ஒரு பந்தி

மரகதமணி வீட்டு விருந்துக்கு ஆட்கள் இருட்டுகிற நேரத்துக்குத்தான் வருவார்கள். அவர்களுடைய பசி வெயில் தாழ்ந்ததுமே வந்துவிடும்.

ஆனைமலைப் பக்கத்துத் தோப்பு வீடுகளில் அதுதான் முறை. கோயமுத்தூரிலிருந்து பசியையும் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினால், வழியில் நிறுத்திப் போண்டா வாங்கித் தரச் சொல்லி உயிரை வாங்கும். அதனால் அதை முன்னாலேயே பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டு மனிதர்கள் நிதானமாகப் புறப்படுவார்கள். பசி ஒன்றும் பெரிய உருவம் இல்லை. முழங்கால் உயரம் இருக்கும், சொந்தக்காரரின் சாயலும் நடையும் இருக்கும், அவ்வளவுதான். கண்டக்டர்கள் டிக்கெட் கேட்பதில்லை.

சனிக்கிழமையானால் மரகதமணியின் சமையலறை வாசலில் பசிகள் உட்கார்ந்து வாசம் பிடித்துக்கொண்டிருக்கும். நூல் மில் மயில்சாமியின் பசி ஆட்டுக்கல் மேல் ஏறிக்கொண்டு அதிகாரம் பண்ணும். டாக்டரம்மா ஹேமலதாவின் பசி, பாவம், டயட்டில் இருப்பதால் ஓரமாக ஒண்டி நிற்கும். வந்த பசிக்கு ஒரு வாய்கூடக் கொடுக்கக் கூடாது. ஒருமுறை மரகதமணி மனசு கேட்காமல் மயில்சாமியின் பசிக்கு ஒரு பணியாரத்தை நீட்டிவிட்டாள். ராத்திரி அந்த மனிதர் கறிக்குழம்பு ஊற்றிய இலைக்கு முன்னால் உட்கார்ந்து வெறும் ஏப்பமாக விட்டுக்கொண்டிருந்தார். அந்த அவமானம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

மற்றபடி விருந்து ஆற அமர நடக்கும். தென்னை மரத்தடியில் பாயை விரித்துவிட்டால் யாருக்கும் அவசரம் கிடையாது. அவரவர் பசி அவரவர் மடியில் ஏறிக்கொள்ளும், மனிதர்கள் வெளுத்துக் கட்டுவார்கள். மரகதமணி மட்டும் உட்கார்ந்ததில்லை. இங்கே குழம்பு, அங்கே தண்ணீர் என்று சுற்றிவிட்டு, கடைசியில் கரண்டியில் ஒட்டியதை நக்கிப் பார்த்துவிட்டுப் படுத்துவிடுவாள். அதை அவள் ஒரு விஷயமாகவே நினைத்ததில்லை.

அவள் கவலையெல்லாம் வீட்டுக்காரர் தண்டபாணியைப் பற்றித்தான். அவருக்குச் சித்திரையிலிருந்தே பசி இல்லை. இல்லை என்றால் வீட்டில் இல்லை, எங்கேயோ கிளம்பிப் போய்விட்டது. விருந்தாளிகளுக்காகப் பந்தியில் உட்காருவார், சோற்றைப் பிசைந்து பிசைந்து அப்படியே இலையை மூடுவார். வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. இப்படியே போனால் மனுசன் ஆடியைத் தாண்டுவாரா என்று அவளுக்கு உள்ளுக்குள் உதறல்.

"அது வந்துரும் அம்மிணி, எங்க போகப் போகுது" என்பார் அவர்.

இந்தச் சனிக்கிழமை அவள் குழம்புக்குத் தேங்காய் அரைத்து ஊற்றிக்கொண்டிருக்கும்போது மயில்சாமியின் பசி ஆட்டுக்கல் மேலிருந்து காலை ஆட்டிக்கொண்டே சொன்னது. "ஏனுங்க்கா, அண்ணனோட பசிய வர்ற வழியில பாத்தனுங்க."

மரகதமணியின் கை அப்படியே நின்றுவிட்டது. "எங்க பாத்த?"

"ஆத்துக்கு அந்தப்பக்கம் பழைய மோட்டார் ரூம் இருக்குதுல்லீங்க, அங்கதான். குடித்தனம் பண்ணுதுங்க."

"தனியாவா?"

அது டாக்டரம்மாவின் பசியைப் பார்த்தது. டாக்டரம்மாவின் பசி தலையைக் குனிந்துகொண்டது.

"கூட ஒரு பொம்பளப் பசி இருக்குதுங்க்கா."

மரகதமணி அடுப்புத் திட்டைப் பிடித்துக்கொண்டாள். பேரன் பேத்தி எடுத்த வயசில் இந்த மனுசனின் பசி இன்னொருத்தியின் பசியோடு குடித்தனம் பண்ணுகிறதா. ஆள் தப்புப் பண்ணினாலாவது நாலு பேரை வைத்துப் பேசி இழுத்துவரலாம். பசி போனதற்கு யாரை வைத்துப் பேசுவது? இத்தனை வருஷம் பார்த்துப் பார்த்துப் பொங்கிப் போட்ட கைக்கு இதுதான் மரியாதையா என்று அவளுக்கு நெஞ்சு எரிந்தது. அடுப்பை அணைத்தாள், எதையும் தொடக் கூடாது என்று பசிகளுக்குச் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

தண்டபாணி தென்னை மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

"எந்திரிங்க. உங்க பசி இருக்கிற எடம் தெரிஞ்சுபோச்சு" என்றாள். "ஒருத்தி கூட இருக்குதாம். யாருங்க அவ?"

அவர் முகம் வெளுத்துவிட்டது. "சத்தியமா எனக்குத் தெரியாது அம்மிணி."

ஆற்றில் கணுக்கால் அளவுதான் தண்ணீர் ஓடியது. நடுவில் அவருக்குத் தலை சுற்றியது. அவளுக்கு அவர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, கையை மட்டும் விடவில்லை. அப்படியே கரையேற்றிவிட்டாள்.

மோட்டார் ரூமின் தகரக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே தண்டபாணியின் பசி துண்டை மடித்துத் தோளில் போட்டபடி இலைக்கு முன்னால் சம்மணம் போட்டிருந்தது. இலையில் பருப்புச் சோறு, நெய், ஒரு துண்டு நார்த்தங்காய் ஊறுகாய். எதிரே, வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அந்தப் பொம்பளப் பசி. அது நெய்யை ஊற்றுவதும், இது போதும் போதும் என்பதும், வாய் நிறையச் சோற்றோடு ரெண்டும் சிரிப்பதும். மரகதமணிக்குக் கண் இருட்டியது. உள்ளே பாய்ந்து அதன் கொண்டையைப் பிடித்துத் திருப்பினாள்.

இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு. முந்தானையை இடுப்பில் செருகியிருந்த விதம். திருப்பினதற்குக் கோபப்படாமல் தலையைச் சாய்த்துப் பார்த்த பார்வை. அது மரகதமணியின் பசி.

புருசனின் பசி காணாமல் போனதற்குத் தலையணை நனைய அழுதவளுக்கு, தன் பசி வீட்டில் இல்லை என்பதே தெரிந்திருக்கவில்லை. வெட்கமாக இருந்தது, அழுகையாகவும் வந்தது. கொண்டையை விட்டுவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீ எப்பப் போன?" என்று கேட்டாள்.

"சின்ன மக கல்யாணத்தன்னிக்குங்க" என்றது அவள் பசி. "இந்தப் பந்தி முடியட்டும், இந்தப் பந்தி முடியட்டும்னு சமையக்கட்டு மூலையில ஒக்காந்திருந்தேன். முடியவே இல்லீங்க. அதான் கெளம்பிட்டேன். நான் ஒண்டியா இருக்கறது பொறுக்காம, சித்திரையில இவரும் தொணைக்கு வந்துட்டாருங்க. இங்க எத்தன தின்னாலும் வயிறு ரொம்ப மாட்டேங்குதுங்க, நீங்க ரெண்டு பேரும் ஒக்காந்தாத்தான் ரொம்பும்."

தண்டபாணி வேட்டியைச் சுருட்டிக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ரெண்டு பசியும் தங்கள் இலைகளைத் துடைத்து அவர்கள் முன்னால் வைத்துவிட்டு ஆளுக்கொரு மடியில் ஏறிக்கொண்டன. பரிமாற யாரும் இல்லை. தண்டபாணி இடது கையால் கரண்டியை எடுத்து, சிந்திச் சிதறி, அவள் இலையில் சோற்றை வைத்தார். முதல் வாய் உள்ளே போனதும் மரகதமணிக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. இவ்வளவு பசித்திருக்கிறதா தனக்கு என்று பயந்தே போனாள். அவர் நாலு கவளம் நிறுத்தாமல் தின்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சோற்றுக்குக் கையை நீட்டினார்.

ஆற்றுக்கு அந்தப்புறம் வீட்டு வாசலில் கார்கள் வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

"ஆளுக வந்துட்டாங்களாட்டம் இருக்குது" என்றார்.

"வரட்டும். எனக்கு இன்னுங் கொஞ்சம் பருப்பு ஊத்துங்க."

கொஞ்ச நேரம் கழித்து ஆற்றில் ஏதோ கனமாகச் சலசலத்தது. மரகதமணி மென்றபடியே வாசலைப் பார்த்தாள். அவர்களுடைய வீடு ஆற்றில் இறங்கி நடந்து கரையேறி வந்து நின்றிருந்தது. வாசற்படியிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஜன்னல் வழியாக மயில்சாமியும் டாக்டரம்மாவும் மடியில் பசியோடு எட்டிப் பார்த்தார்கள். வீடு உள்ளே வரத் தயங்கி, பசித்த வாய்போல முன்கதவை லேசாகத் திறந்து மூடியது.

மரகதமணி எச்சில் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நகர்ந்து இடம் விட்டாள்.

"ஏனுங்க, அதுக்குத் தலைவாழை இலையாப் போடுங்க" என்றாள்.