முதல் விருப்பம்

தொழிற்பயிற்சி நிலையத்தின் விண்ணப்பப் பக்கத்தில் ஒவ்வொரு படிப்பின் பெயருக்கும் பக்கத்தில் இரண்டு சின்ன அம்புக்குறிகள் இருக்கும். ஒன்று மேலே பார்க்கும், ஒன்று கீழே பார்க்கும். மேலே பார்ப்பதை ஒரு முறை அழுத்தினால் அந்தப் படிப்பு ஒரு வரி ஏறிவிடும். அந்த வரியில் ஏற்கெனவே இருந்தது ஒரு வரி இறங்கிவிடும். அவ்வளவுதான். நான் அதை ஒரே ஒரு முறை அழுத்தினேன்.

இடம் ஒதுக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் செய்தது புரியாது. நுழைவுத் தேர்வில் வாங்கிய மதிப்பெண்படி எல்லோரையும் வரிசைப்படுத்துவார்கள். ஒருவருடைய முறை வரும்போது கணினி அவருடைய பட்டியலை மேலிருந்து படிக்கும். முதல் விருப்பத்தில் இடம் இருக்கிறதா? இருந்தால் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடும். இரண்டாவதாக என்ன எழுதியிருக்கிறது என்று திரும்பிக்கூடப் பார்க்காது. நல்ல எந்திரம். சொன்னதைச் செய்யும். சொன்னது யார் என்று கேட்காது.

நான் லிஃப்ட் மெக்கானிக். எங்கள் பணிமனையில் என் மகளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'சூப்பர்வைசர்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஆறு வயதில் ஒரு நாள் பள்ளி விட்டு நேராக அங்கே வந்தவள், இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "கரண்டு போனா லிஃப்ட் விழுந்துடுமா?" என்று கேட்டாள். ஒருவன், "விழாதும்மா, பிரேக் இருக்கு" என்றான். "பிரேக்கும் கரண்டுலதானே ஓடுது?" என்றாள். அவன் எழுந்து நின்று சல்யூட் வைத்தான். அன்று வைத்த பெயர்.

அவளுக்கு நான் சொன்ன பதில் இதுதான். லிஃப்டின் பிரேக் எப்போதும் பிடித்தபடியேதான் இருக்கும். ஸ்பிரிங் அதை அழுத்திக்கொண்டே இருக்கும். மின்சாரம் வந்தால்தான் ஒரு காந்தம் அந்தப் பிடியை இழுத்துத் தளர்த்தும். மின்சாரம் போன நொடியில் காந்தம் விட்டுவிடும், ஸ்பிரிங் பிடித்துக்கொள்ளும். அதாவது பிடிப்பதற்கு எதுவும் வேண்டாம். விடுவதற்குத்தான் சக்தி வேண்டும். "புத்திசாலி ஸ்பிரிங்" என்றாள்.

அவளுடைய அம்மாவுக்குக் கைநடுக்கம் தொடங்கியபோது மகளுக்குப் பதினொரு வயது. முதலில் தேநீர் தளும்பியது. பிறகு ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை. பிறகு பொத்தான் போட முடியவில்லை. அப்புறம் நடை, பேச்சு, விழுங்குவது. எங்கள் வீட்டில் எல்லா டம்ளர்களையும் பாதி மட்டும் நிரப்ப ஆரம்பித்தோம். அவளுக்கு மட்டும் பாதி கொடுத்தால் வருத்தப்படுவாள் என்று மூன்று பேருக்குமே பாதி. விருந்தாளிகள் எங்களைக் கஞ்சர்கள் என்று நினைத்திருப்பார்கள். அவள் போய்ச் சேர்ந்து ஒரு மாதம் கழித்து மகள் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள், முழு டம்ளர். அன்றுதான் நான் வாய்விட்டு அழுதேன்.

இது ரத்தத்தில் இறங்கும் நோய் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. வந்தால் அம்மாவைவிட இளம் வயதிலேயே வரலாம். பதினெட்டு வயதானால் பரிசோதித்துப் பார்க்கலாம். நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. பதினெட்டும் வந்து போனது. அப்போதும் சொல்லவில்லை.

இந்த வருடத் தொடக்கத்தில் ஒரு காலை, எனக்கு முழு டம்ளர் தேநீர் வைத்தாள். தனக்குப் பாதி ஊற்றிக்கொண்டாள்.

"என்ன, உனக்கு மட்டும் ரேஷனா?"

"குண்டாயிட்டேன்னு சித்தி சொன்னா."

அவள் சித்தி அப்படிச் சொல்லக்கூடியவள்தான். நம்ப வேண்டும் என்று நினைத்தேன், நம்பினேன்.

அவளுக்குக் கணினி வன்பொருள் பழுதுபார்க்கும் படிப்பின் மேல்தான் ஆசை. ஒரு வருடப் படிப்பு. பயிற்சி நிலையத்தில் பார்வையாளர் நாள் என்று ஒன்று வைத்திருந்தார்கள், இருவரும் போனோம். வன்பொருள் பட்டறை கீழ்த்தளத்தில் இருந்தது. பன்னிரண்டு மேசைகள். ஒவ்வொன்றிலும் ஒரு விளக்கு, ஒரு பூதக்கண்ணாடி, ஈயம் உருக்கிப் பற்றவைக்க ஒரு சூட்டுக்கோல். மேசைக்கு ஒருவர், ஆகவே பன்னிரண்டே இடங்கள். சூடான ஈயத்தின் வாசனை வந்தது. என் மகள் பூக்கடைக்குள் நுழைந்தவள்போல மூச்சை இழுத்தாள்.

பட்டறை ஆசிரியர் ஒரு கணினியைத் தட்டிக் காட்டினார். "இது உயிரில்லாம கிடக்குது. சுவிட்சு போட்டா ஃபேன் சுத்தும், திரையில ஒண்ணும் வராது. யாராவது எழுப்புங்க பாப்போம்."

"ராம் அட்டையா இருக்கும்" என்றாள் மகள்.

"கேட்டது யாரு, சொல்றது யாரு! வாங்க டாக்டர், வந்து பாருங்க."

கணினி ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கும்போது கையில் வைத்திருக்கும் விஷயங்கள் எல்லாம் அந்த அட்டையில்தான் இருக்கும். அட்டையின் கீழ்விளிம்பில் தங்கப் பூச்சுள்ள மெல்லிய பற்கள் வரிசையாக இருக்கும். நாள்பட அவற்றின் மேல் கண்ணுக்குத் தெரியாத அழுக்குப் படியும். அந்தப் படலம் போதும், கணினி கோமாவில் விழுந்துவிடும். மருந்து என்ன தெரியுமா? பென்சில் எழுத்தை அழிக்கும் ரப்பர். பற்களை அதைக்கொண்டு மெதுவாகத் தேய்த்துத் துடைத்துத் திரும்பச் செருகினால் போதும். எனக்கு இந்த மாதிரி விஷயங்கள் கேட்டால் வயிறு நிறைந்துவிடும்.

அவள் செருகுவதைப் பார்த்தேன். அட்டையைப் பள்ளத்துக்கு மேலே கொண்டுபோய், சுண்டுவிரலைப் பெட்டியின் விளிம்பில் ஊன்றி, மணிக்கட்டை இடது கையால் பிடித்து, மூச்சை முழுக்க வெளியே விட்டு, விட்ட பிறகு வரும் அந்தச் சின்ன அமைதியில் அழுத்தினாள். 'டக்' என்று உட்கார்ந்தது. ஆசிரியர் சுவிட்சைப் போட்டார். ஒரு 'பீப்'. திரை விழித்துக்கொண்டது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

"இந்தப் பிடி யாரு சொல்லிக் குடுத்தது? வருஷக் கடைசியிலகூட பசங்களுக்கு இது வராது" என்றார் ஆசிரியர்.

"நானாத்தான் சார் கண்டுபிடிச்சேன்" என்றாள்.

எனக்குத் தெரியும் அந்தப் பிடி. அவள் அம்மா கடைசியாக ஊசி கோர்த்த வருடம் அப்படித்தான் கோர்த்தாள். விரலை ஊன்றி, மணிக்கட்டைப் பிடித்து, மூச்சை விட்டு.

அதன் பிறகு நான் யோசித்ததெல்லாம் ஒன்றுதான். இந்தப் படிப்பில் சேர்ந்தால் ஒரு நாள் எல்லோருக்கும் முன்னால், விளக்கு வெளிச்சத்தில், பூதக்கண்ணாடிக்குக் கீழே, அம்மாவின் நோய் தனக்கும் வந்திருப்பது இவளுக்குத் தெரியவரும். பட்டியலில் இரண்டாவதாக இணையதள வடிவமைப்பு எழுதியிருந்தாள். அது கீபோர்டு வேலை. கீபோர்டில் கை தவறினால் அழித்துவிட்டுத் திரும்ப அடிக்கலாம், ஒருவரும் பார்க்கப் போவதில்லை. பட்டியலை மாற்றத் தேவைப்படும் கடவு எண் என் கைபேசிக்குத்தான் வரும். கடைசி நாள் மாலை நான்கு மணிக்கு அவள் கடைக்குப் போயிருந்தாள். அழுத்தினேன்.

முடிவை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். வரிசையில் அவள் ஏழாவது. பன்னிரண்டு இடத்துக்கு ஏழாவது. பலகையை நெருங்கும்போதே சிரித்துக்கொண்டு போனாள். பிறகு வன்பொருள் பட்டியலில் விரலை மேலிருந்து கீழே ஓட்டினாள். கீழிருந்து மேலே ஓட்டினாள். தேர்வு வரிசையில் பத்தொன்பதாவதாக வந்தவர் வரை அதில் இருந்தார்கள். அவள் இல்லை.

அலுவலகச் சன்னலில் இருந்த அம்மாள் கணினியைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "தப்பு எங்களது இல்லம்மா. உன் லிஸ்டுல முதல்ல இணையதளம்தானே இருக்கு? கடைசி நாள் நாலு மணிக்கு நீயேதானே மாத்தியிருக்கே?"

மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் மேலே ஓடிய மின்விசிறியைப் பார்த்தேன்.

"திரும்ப மாத்த முடியாதா?" என்று கேட்டாள்.

"பன்னிரண்டும் ஏறிடுச்சே. இதுக்கு ஏன் மூஞ்சி தொங்குது? அடுத்த வருஷம் போடு. வயசா ஓடிப்போச்சு?" என்று சிரித்தார். நல்ல மனசுதான் அவருக்கு.

வெளியே பேருந்து நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்தோம். என் மகள் என்னை 'நீ' என்றுதான் பேசுவாள். கோபம் வந்தால்தான் அவளுக்கு என்மேல் மரியாதை வரும்.

"ஏன் மாத்துனீங்க?"

நான் சொல்லத் தொடங்கினேன். கீபோர்டு, அழிப்பது, வருங்காலம், வேலைவாய்ப்பு என்று சுற்றிச் சுற்றிப் போனேன்.

"எனக்குத் தெரியும்பா" என்றாள்.

"என்ன தெரியும்?"

"எல்லாம். சித்தி கூட்டிட்டுப் போனா. ரத்தம் குடுத்தேன். ரிசல்ட் வந்து எட்டு மாசம் ஆச்சு."

எனக்கு அந்த நேரத்தில் கேட்கத் தோன்றியது இதுதான்: "என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க ஏன் சொல்லல?"

ஒரு பேருந்து வந்து நின்று, நாங்கள் ஏறாததால் கிளம்பிப் போயிற்று.

"டாக்டர்கிட்ட நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன்" என்றாள். "நுணுக்கமான வேலை எத்தனை நாள் செய்யலாம்னு. ரெண்டு வருஷம், அதிர்ஷ்டம் இருந்தா மூணுன்னாரு. படிப்பு ஒரு வருஷம். மீதி எனக்கு. பார்த்துப் பார்த்துத்தான் அதை முதல்ல எழுதினேன். இணையதளம் எப்ப வேணா படிக்கலாம்பா. கை போன பிறகும் படிக்கலாம். அதுக்குத்தான் அதை ரெண்டாவதா போட்டேன்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு ஏதாவது செய்யக் கிடைத்திருக்கும்.

அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பட்டறைக்குத் திரும்பி ஓடினேன். ஆசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பிடி எங்கிருந்து வந்தது என்பதையும் சொன்னேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"பன்னிரண்டு மேசைங்க. யாரையாவது எழுப்பிட்டுத்தான் உங்க பொண்ணை உக்கார வைக்கணும்" என்றார் கடைசியில். "யாரை எழுப்பட்டும்? நீங்களே சொல்லுங்க, எழுப்பறேன்."

பட்டியலில் இருந்த எட்டாவது ஆளை, ஒன்பதாவது ஆளை நான் பார்த்ததுகூட இல்லை. கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன்.

எங்கள் தொழிலில், மின்சாரம் இருக்கும்போதே பிரேக் பிடித்துக்கொண்டால் பதிவேட்டில் 'பழுது' என்று எழுதுவோம். லிஃப்டை நிறுத்திவிட்டு அந்த பிரேக்கைக் கழற்றுவோம். மனிதர்களில் அதைக் கழற்ற எந்த ஸ்பானர் என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டு வாரம் அவள் என்னை 'நீங்க' என்றே கூப்பிட்டாள். இணையதள வகுப்புக்குப் போய்வந்தாள். நன்றாகத்தான் செய்கிறாள் என்று சித்தி மூலம் தெரிந்தது. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, எங்கள் அலுவலகத்தில் ஓரம்கட்டிப் போட்டிருந்த மடிக்கணினி ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தேன். அவள் அதைச் சுற்றி வந்தாள். பிறகு போய் ஒரு வெள்ளைத்தாளும் பென்சிலும் கொண்டுவந்தாள்.

மடிக்கணினியின் அடிப்பாகத்தைத் தாளில் அப்படியே வரைந்தாள். எந்த ஸ்க்ரூவைக் கழற்றினாலும் தாளில் அதே இடத்தில் குத்தி வைக்க வேண்டும். ஏனென்றால் எல்லா ஸ்க்ரூவும் ஒரே நீளம் இல்லை. குட்டை ஸ்க்ரூ இருந்த இடத்தில் நெட்டையைப் போட்டுத் திருகினால், அது உள்ளே இறங்கி, மின்சுற்று இருக்கும் போர்டையே துளைத்துவிடும். அதுவரை நன்றாக இருந்த போர்டு.

"டார்ச் பிடி" என்றாள்.

'நீ' வந்துவிட்டதா, வேலை மும்முரத்தில் வாய் தவறிவிட்டதா என்று தெரியவில்லை. கேட்கவும் பயம். பிடித்தேன்.

சுண்டுவிரலை ஊன்றி, மணிக்கட்டைப் பிடித்து, மூச்சை விட்டு ஒன்று. இன்னொன்று. ஐந்தாவது ஸ்க்ரூவைத் தாளுக்குக் கொண்டுபோகும் வழியில் கை ஒரு உதறு உதறியது. ஸ்க்ரூ மேசையில் துள்ளி, தரையில் விழுந்து உருண்டது. அரிசி மணியில் பாதிகூட இருக்காது. அது போய் நின்ற இடம் எனக்குத் தெரிந்தது, என் வலது கால் பெருவிரலுக்கு அருகில்.

அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு மண்டியிட்டு உட்கார்ந்தாள். தரையை உள்ளங்கையால் மெதுவாகத் தடவிக்கொண்டே வந்தாள். மேசைக்காலைச் சுற்றினாள், சுவரோரம் போனாள், திரும்பினாள். அவள் கையாலேயே கண்டெடுக்கட்டும் என்று நான் குனியவில்லை. காலை நகர்த்தவில்லை. டார்ச்சை மட்டும் அவள் கை போகும் பக்கமெல்லாம் பிடித்துக்கொண்டிருந்தேன்.