பைய ஏறிய மருந்து

முத்துராணி செவலைப் பசுவின் இடப்பக்கம், விலா எலும்புக்குப் பின்னாலுள்ள குழியில் முஷ்டியை அழுத்திவைத்துக் காத்திருந்தாள். உள்ளே இரைப்பை புரண்டு கையைத் தள்ள வேண்டும். தள்ளவில்லை. முந்தாநாள் கன்று போட்ட மாடு, விடிந்தபோது கழுத்தை விலாப்பக்கம் மடக்கிப் படுத்திருந்தது. சாணம் போடவில்லை, அசை போடவில்லை. காதைத் தொட்டால் வாழைத்தண்டாகக் குளிர்ந்தது.

சேரன்மகாதேவியிலிருந்து ஸ்கூட்டரில் வந்த மாட்டு டாக்டர் அஸ்ஃபியா நெடுநேரம் பார்க்கவில்லை. "ஒடம்புல உள்ள சுண்ணாம்புச் சத்தெல்லாம் பால்ல எறங்கிட்டுக்கா. அது இல்லாம வயித்துச் சதை சுருங்காது. தின்னது அப்படியே கெடக்கு. கால்சியம் ஏத்தணும்."

பாட்டிலைப் பார்த்ததும் முத்துராணி மாட்டுக்கும் டாக்டருக்கும் நடுவில் வந்து நின்றாள். போன ஐப்பசியில் மயிலைப் பசுவுக்கும் இதே மருந்துதான். ஊசி போடத் தெரியும் என்று வந்த ஒருவன் மளமளவென்று ஏற்றினான். பாதி இறங்குமுன் மாடு காலை உதறியது, அவ்வளவுதான்.

"வேண்டாம் டாக்டரம்மா. மயிலை இதுலதான் செத்துது."

"வேகமா ஏறுனா நெஞ்சு நின்னுரும், நெசந்தான். ஏத்தலைன்னா இது மத்தியானம் தாங்காது. நான் நெஞ்சைக் கேக்கணும். நீங்கதான் பாட்டிலைப் பிடிக்கணும்."

"நானா?"

வேறு ஆளில்லை. கணவன் தளவாய், வள்ளியூரில் கட்டட வேலையில் இருந்தான். அஸ்ஃபியா கழுத்து நரம்பில் ஊசியைச் செருகிவிட்டு, மாட்டின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் குழலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். "பைய. ரொம்ப ஒசத்தாதீங்க."

பாட்டிலுக்குள் குமிழிகள் ஒவ்வொன்றாக ஏறின. உயர்த்தினால் கொன்றுவிடுவோம், தாழ்த்தினால் மருந்து போகாது. முத்துராணி மூச்சுவிடக்கூடப் பயந்தாள்.

"எறக்குங்க!"

இறக்கினாள். குழாயில் ரத்தம் சிவப்பாகத் திரும்பி வந்தது.

"எம்மா..."

"துடிப்பு தடுமாறிட்டு. பொறுங்க."

டாக்டரின் முகத்தையே பார்த்தாள். பிறகு அவருடைய விரல் ஒன்று மாட்டின் தோல்மேல் மெல்லத் தட்டத் தொடங்கியது. விட்டுவிட்டு, பிறகு சீராக.

"இப்பத் தூக்குங்க."

"கை வரமாட்டேங்கு."

"யக்கா. நான் கேட்டுக்கிட்டுத்தான இருக்கேன்."

ஒரு விரற்கடை தூக்கினாள். பிறகு இன்னொன்று.

பாட்டில் காலியாகும்போது செவலையின் தொடைத்தோல் நடுங்கியது. மூக்கில் வேர்வை முத்துமுத்தாக அரும்பியது. புளித்த புல் வாடையோடு நீளமாக ஓர் ஏப்பம், பின்னாலேயே சாணம்.

"வயிறு அசையுது," என்றார் அஸ்ஃபியா.

"எந்திரிக்குமா?"

"இவ்வளவு நேரம் படுத்த கால். சொல்ல முடியாது."

சொல்லி முடிக்குமுன் செவலை பின்கால்களை ஊன்றியது. முன்னங்கால்கள் மடங்கியபடியே இருக்க, சாணத்தில் குளம்பு வழுக்கியது. முத்துராணி பாட்டிலைப் போட்டுவிட்டு ஓடித் தோளை அதன் தொடைக்குக் கொடுத்தாள். முன்னங்கால்களும் நிமிர, அந்தப் பாரம் முழுவதும், நடுங்கிக்கொண்டே, அவள்மேல் சாய்ந்து நின்றது.