ருயியின் கண்ணில் வெள்ளைப் புள்ளி

ஊனோ கட்சுஹிதேவுக்கு நிச்சயமான செய்தி அவன் அம்மாவுக்குத் தெரியுமுன்பே எனக்குத் தெரியும். ஸ்டூடியோ முதலாளி ஹிரமாட்சுவின் மனைவி, மூலைக் கடையில் சிவப்புப் பயறு போட்ட விசேஷச் சோற்றுக்கு நாற்பது பெட்டி சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அந்த வீட்டில் இருப்பது ஒரே மகள். அவளுக்குப் பரீட்சை எதுவும் இல்லை. மிச்சத்தை நானே கூட்டிக்கொண்டேன். மாப்பிள்ளை யாரென்று மட்டும் கடைக்காரரிடம் கேட்டேன். அவர் சொன்னதும் கையிலிருந்த முள்ளங்கியைக் கீழே போட்டுவிட்டேன்.

நெரிமாவில் எங்கள் சந்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், ஊனோ நான்கு வருஷமாக மிசாவோவோடு சுற்றியவன் என்பது. ஒரே குடையில் ஸ்டேஷனுக்குப் போவார்கள், ஒரே கிண்ணத்தில் நூடுல்ஸ் சாப்பிடுவார்கள். அவன் டைரக்டர், அவள் படம் வரைகிறவள். இரண்டு பேரும் சேர்ந்து உருவாக்கியதுதான் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கு டிவியில் வரும் ‘இரும்புக் கொக்கு’. பத்து மாடி உயர இயந்திரம். உள்ளே இரண்டு இருக்கை. ஒன்றில் ஜின் என்கிற பையன், இன்னொன்றில் ருயி என்கிற பெண். இரண்டு பேர் நாடியும் ஒரே தாளத்தில் அடித்தால்தான் கொக்கு சிறகை விரிக்கும். என் கணவர் ரயில்வேக்காரர், இதையெல்லாம் பார்த்து, “நம்ம ரெண்டு பேரை உட்கார வச்சா அது ஷெட்டை விட்டே கிளம்பாது” என்பார்.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், அந்தப் படங்களுக்குச் சாயம் பூசுவதே நாங்கள்தான். ஸ்டூடியோவில் வரைந்த கோட்டுப்படம் கண்ணாடித்தாளில் ஏறி எங்கள் வீடுகளுக்கு வரும். சமையல் முடிந்ததும் தாளைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் சாயம் வைப்போம். அதனால் அடுத்த வாரம் யார் சாகப்போகிறார்கள் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு முன்பே எனக்குத் தெரியும். சொல்லக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். நான் சொல்வதில்லை. மீன்கடையில் கேட்டால் மட்டும் லேசாகத் தலையாட்டுவேன்.

நாலாவது வாரத்தில் ஒரு வசனம் வந்தது. முதல் தடவை கொக்கில் ஏறும்போது ருயியின் கை நடுங்குகிறது. ஜின் சொல்கிறான்: “கை நடுங்கினா சொல்லு, நான் பிடிச்சுக்கறேன்.” பெண் பிள்ளைகள் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொண்ட வசனம். அதைக் கேட்டதும் நான் டிவி முன்னால் எழுந்து நின்றுவிட்டேன். அது மிசாவோ ஊனோவிடம் சொன்னது! ஹிரமாட்சுவிடம் முதல் கதைப்படத்தைக் காட்டப் போன அன்று, நூடுல்ஸ் கடையில் சாப்பாட்டுக் குச்சியைப் பிடிக்க முடியாமல் அவன் உதறிக்கொண்டிருந்தபோது அவள் சொன்னது. பின் மேஜையில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். தன் நடுக்கத்தை அவள் கையில் கட்டிவிட்டு, அவள் தைரியத்தைத் தன் வாயில் போட்டுக்கொண்டான். அப்போது அவள் சிரித்துவிட்டு விட்டுவிட்டாள். காதலிக்கிற பெண்கள் இப்படித்தான் எதையாவது விட்டுவிடுவார்கள்.

நிச்சயம் முடிந்த மறுவாரம் கதை மாறியது. முப்பத்தெட்டாவது வாரத்தில் ருயி சாக வேண்டும், அந்தக் கோபத்தில் ஜின் தனியாகவே கொக்கை ஓட்ட வேண்டும் என்று ஊனோ எழுதினான். சரி, எழுதட்டும். அந்தச் சாவை வரையும் வேலையை யாருக்குக் கொடுத்தான் தெரியுமா? மிசாவோவுக்கு.

நூடுல்ஸ் கடையில் மத்தியானக் கூட்டத்துக்கு நடுவே அவள் அவனைப் பிடித்துக்கொண்டாள். நான் அன்று தற்செயலாக அங்கே இருந்தேன். மூன்றாவது நாளாகத் தற்செயலாக இருந்தேன்.

“அவளக் கொல்றதுக்கு வேற ஆளே கிடைக்கலையா உனக்கு?”

“ருயிய உன்ன மாதிரி வரைய யாரு இருக்கா மிசாவோ? இது மரியாதைன்னு நெனச்சுக்கோ.”

“மரியாதையா? அவ பேசினது பூரா நான் பேசினது. அவ சிரிப்பு என் சிரிப்பு. நான் உயிரோட இருக்கறது உன் மாமனார் வீட்டுக்குச் சங்கடமா இருக்கு, அதுக்காக இவளக் கொல்ற.”

“கதைய வேற, வாழ்க்கைய வேறன்னு பார்க்கத் தெரியணும். நீ தொழில் தெரிஞ்சவதானே?”

“எனக்கு அவ வேணும் ஹிதே. உன்ன அந்த வீட்டுக்காரங்க எடுத்துட்டுப் போகட்டும், எனக்குக் கவலையில்ல. அவள மட்டும் விடு.”

அவன் குழம்பைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, “வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்” என்று எழுந்து போனான். அவள் அவன் வைத்துவிட்டுப் போன கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். என் நூடுல்ஸ் ஆறிப்போகும் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். உயிரோடிருக்கிற ஆளின் கண்மணியில் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி இருக்கும். செத்துப்போனால் அந்தப் புள்ளி போய்விடும், கண் முழுக்கக் கறுப்பு. எங்கள் தொழிலில் இது சட்டம். இருபதாவது வாரத்தில் தளபதி செத்தபோது புள்ளி இல்லை என்பதை வைத்தே பிள்ளைகள் அழுதார்கள், அவர் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. பின்பக்கம் பூசுவதால், புள்ளி வேண்டுமென்றால் முதல் தொடுதலே அந்த வெள்ளைதான். கறுப்பு முதலில் போய்விட்டால் பிறகு எவ்வளவு வெள்ளை வைத்தாலும் முன்னால் தெரியாது.

மிசாவோ வரைந்தாள். விழுந்து கிடக்கிற ருயியின் முகம் திரை முழுக்க. அசைவே இல்லை, ஒரே தாள், மூன்று நொடி. கண்ணில் புள்ளி வைத்து வரைந்தாள். ஊனோ பார்த்துவிட்டான். புள்ளியை ரப்பரால் அழித்து, ஓரத்தில் சிவப்புப் பென்சிலில் ‘இறந்துவிட்டாள், வெளிச்சம் வேண்டாம்’ என்று எழுதினான். அந்தத் தாள் எனக்குத்தான் வரும் என்று ஸ்டூடியோவில் விசாரித்துக்கொண்டு மிசாவோ வியாழக்கிழமை காலையில் என் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூட ஒழுங்காக வாசலைப் பார்க்கத் திருப்பி வைக்கவில்லை. அவள் அப்படிச் செய்கிறவள் இல்லை.

“கிகுஎ அக்கா, ரெண்டு கண்ணு, ரெண்டு புள்ளி. அவ்வளவுதான் கேக்கறேன்.”

“அழிச்சுட்டு எழுதியும் வச்சிருக்கானாமே. கண்ணு தெரியாதவ மாதிரி நான் எப்படிப் பூசறது?”

“தவறிப்போச்சுன்னு சொல்லுங்க.”

“பதினோரு வருஷத்துல நான் ஒரு பொத்தான் நிறத்தைக்கூடத் தவற விட்டதில்ல. யாரு நம்புவா? அடுத்த வாரத்துலேர்ந்து என் வாசலுக்கு ஒரு தாளும் வராது. உனக்கென்ன, நீ படம் வரையறவ. எங்க போனாலும் பிழைச்சுக்குவ.”

“பயப்படறீங்க.”

“ஆமா, பயப்படறேன். பயம் வந்தா தப்பா?”

“வம்பு பேசறப்போ மட்டும் பயமே வராது. என் கல்யாணம் நின்னது எனக்குத் தெரியறதுக்கு முன்னாடி மீன்கடைக்குத் தெரிஞ்சுது. யாரு சொன்னா அக்கா? சொல்லுங்க பார்ப்போம். நாலு வருஷமா எங்க கதைய உறிஞ்சி உறிஞ்சிக் குடிச்சீங்க. இப்போ ரெண்டு சொட்டு வெள்ளை கேட்டா இல்லயா?”

பார்லி டீ வைத்திருந்தேன். அதைத் தொடாமல் போய்விட்டாள். எனக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. என் வீட்டில் உட்கார்ந்து என்னையே! அதைவிடக் கோபம், அவள் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட என்னால் மறுக்க முடியாதது.

பதினோரு மணிக்கு ஊனோவே வந்தான், தாளைத் தன் கையால் எடுத்துக்கொண்டு. வழக்கமாக வேன் வரும். பேரிக்காய் நறுக்கி வைத்தேன். கேட்காமலே நான்கு துண்டு தின்றான்.

“அம்மா, இது கொஞ்சம் முக்கியம். நம்பிக்கையான ஆளுக்குத்தான் கொடுக்கணும்னு வந்தேன்.”

“மிசாவோ வரைஞ்சதா?”

“அவதான். என்ன திறமை இருந்து என்ன, பொம்பளைங்களுக்கு எல்லாத்தையும் மனசுக்குள்ள போட்டுக்கற வியாதி. நாலு நாள் அழுவா, சரியாயிடுவா. முப்பத்தெட்டுக்கு அப்புறம் பாருங்க, ஜின் ஒத்தையா நிப்பான். கதை அப்பதான் கதையாகும்.” வாயைத் துடைத்துக்கொண்டான். “நாலாவது வாரத்துல அந்த ‘கை நடுங்கினா’ வசனம் ஞாபகம் இருக்கா? அந்த மாதிரி எழுத எனக்குத் தனியா உட்கார நேரம் வேணும். இப்போ நேரம் கிடைக்கும்.”

“அது நீங்க எழுதினதா?”

“பின்னே யாரு?” சிரித்தான். கண்ணைக்கூட இமைக்கவில்லை. “சரி, உங்களுக்கெதுக்கு இதெல்லாம். நீங்க சாயத்தைப் பார்த்துக்குங்க. யோசிக்கறதுக்கு நாங்க இருக்கோம்.”

அவன் போனபின் பேரிக்காய்த் தட்டைக் கழுவினேன். இரண்டு தடவை கழுவினேன். பிறகு மேஜை விளக்கைப் போட்டு, தாளைத் திருப்பி வைத்து, நிறக் குப்பிகளை வரிசையாக எடுத்து வைத்தேன். ஓரத்துச் சிவப்பு எழுத்து இடவலம் மாறித் தெரிந்தது. ‘வெளிச்சம் வேண்டாம்.’ எல்லாவற்றிலும் மெல்லிய தூரிகையை எடுத்தேன். என் கை கொஞ்சம் நடுங்கியது. பிடித்துக்கொள்ள யாரும் இல்லாததால் இடது கையால் வலது மணிக்கட்டை நானே பிடித்துக்கொண்டு, ஒரு கண்ணில் ஒரு சொட்டு, மறு கண்ணில் ஒரு சொட்டு வெள்ளை வைத்தேன். காய்ந்தபின் மேலே கறுப்பைப் பூசி மூடினேன். பின்பக்கம் பார்த்தால் செத்த கண்தான்.

ஸ்டூடியோவில் சாயம் சரிபார்க்கிறவள் யாசுயோ. எனக்குத் தூரத்து உறவு, கிட்டத்துப் பகை. சாயங்காலம் தாளை நானே கொண்டுபோய் அவளிடம் கொடுத்தேன். படப்பிடிப்புக்கு எடுத்துப் போகிற வண்டி வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அவள் தாளை முன்பக்கம் திருப்பினாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அவளும் அந்த நூடுல்ஸ் கடையில் சாப்பிடுகிறவள்தான்.

“உன் வேலைல என்ன குறை இருக்கப் போகுது கிகுஎ” என்று சொல்லி, முத்திரை குத்தி, கட்டுக்குள் வைத்துவிட்டாள்.

மறுவார வெள்ளிக்கிழமை ஐந்தரைக்குச் சந்தில் ஒரு பிள்ளை வெளியே இல்லை. ருயி விழுந்தாள். முகம் திரை முழுக்க வந்தது. மூன்று நொடி. கறுப்புக் கண்ணுக்குள் இரண்டு வெள்ளை. பக்கத்து வீட்டுப் பெண் கத்தியது சுவரைத் தாண்டி எனக்குக் கேட்டது: “சாகல! அம்மா, அவ சாகல! கண்ணுல வெளிச்சம் இருக்கு!”

ஆறரைக்கு ஊனோ என் வாசலில் நின்றான். கழுத்து வரை சிவந்திருந்தான்.

“யாரு வைக்கச் சொன்னா?”

“எத?”

“நடிக்காதீங்க! சிவப்புல எழுதியிருந்தேன்ல?”

“எழுதியிருந்தீங்களா? நீங்கதான் யோசிக்க வேண்டாம்னு சொன்னீங்க டைரக்டர். யோசிக்காம பழக்கத்துல வச்சுட்டேன்.”

“உங்க வேலை போச்சு. தெரியுதா? இந்தச் சந்துல எவ வீட்டுக்கும் ஒரு தாள் வராது!”

எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. அதற்குப் பக்கத்து ஜன்னலும். இந்தச் சந்தில் சாயம் பூசாத வீடு மூன்றுதான். “என்ன சொன்னீங்க, எங்க வீட்டுக்குமா?” என்று மாடியிலிருந்து யாரோ கேட்டார்கள். அவன் மேலே பார்த்தான், இன்னொரு ஜன்னல் திறந்தது. அப்போதுதான் மிசாவோ ஸ்டேஷன் பக்கமிருந்து வந்தாள், கையில் வெங்காயத்தாள் கட்டோடு.

“அக்காவ ஏன் திட்டற? கேட்டது நான். என்னத் திட்டு.”

“என் கதைய நாசம் பண்ணிட்ட நீ!”

“உன் கதையா? எந்த வரி உன்னோடது? காட்டு. நாப்பது பெட்டிச் சோறு மட்டும்தான் உன்னோடது!”

அவள் அன்று போட்ட சத்தத்தை நான் எழுத மாட்டேன், அச்சில் ஏறாது. ஊனோ அடுத்த தெரு வரை நடந்தான், ஓடவில்லை, அதற்கு மட்டும் மானம் இருந்தது.

அடுத்த புதன்கிழமை டிவி நிலையத்திலிருந்து ஸ்டூடியோவுக்குப் பிள்ளைகளின் கடிதங்கள் மூட்டையாக வந்தன. ருயி எங்கே, எப்போது எழுந்திருப்பாள், கண்ணைப் பார்த்தோம், எங்களை ஏமாற்ற முடியாது. இரும்புக் கொக்கைப் பொம்மையாக விற்கிற கம்பெனிக்காரர்களும் வந்தார்கள். பெட்டியில் இரண்டு இருக்கை, இரண்டு பொம்மை என்று போட்டிருக்கிறது, ஒன்றைக் கொன்றுவிட்டு எப்படி விற்பது என்று ஹிரமாட்சுவிடம் கத்தினார்கள். மாமனார் மாப்பிள்ளையைக் கூப்பிட்டுச் சொன்னார், அவள் எழுந்திருக்கட்டும். சாய வேலைகள் பழையபடி வந்தன. வேலை போச்சு என்று ஊனோ கத்தியதோடு சரி.

ருயியை வரைய மிசாவோ வேண்டும். அவளோ அதற்குள் ஊர் கடந்து வேறொரு ஸ்டூடியோவில் பேசி முடித்திருந்தாள். ஊனோ நூடுல்ஸ் கடைக்கு வந்து அவள் எதிரில் உட்கார்ந்தான். நான் பின் மேஜையில். இந்தத் தடவை தற்செயல் என்று பொய் சொல்லவில்லை, அவளே வரச் சொன்னாள்.

“ஒரு காட்சி மட்டும். அவ கண் முழிக்கற காட்சி. நீ வரைஞ்சாதான் அது அவ.”

“வரையறேன். வசனம் நான் சொல்றதுதான். ஒரு எழுத்து மாத்தினா பென்சில வச்சுட்டு எழுந்து போயிடுவேன்.”

“என்ன வசனம்?”

“எழுதிக்க.”

அவன் பையிலிருந்து நோட்டை எடுத்தான். பேனா மூடியைத் திறக்க இரண்டு தடவை முயன்றான். அவள் அதைப் பார்த்தாள். கையை நீட்டவில்லை.

நாற்பத்தொன்றாவது வாரம் அந்தத் தாள்கள் எனக்கு வந்தன. ஆஸ்பத்திரிக் கட்டில். ருயி கண் திறக்கிறாள். ஜின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். அவள் முகத்தை வரைந்த கோடு இவ்வளவு அழுத்தமாக நான் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை, பென்சில் காகிதத்தைக் கிழித்திருக்க வேண்டும். கண்ணில் புள்ளி பெரிதாக இருந்தது. வசனம் ஓரத்தில் ஊனோவின் கையெழுத்தில், வளைந்து வளைந்து எழுதியிருந்தது:

“என் கை நடுங்கல, ஜின். உன் கையை எடு.”

முதலில் வெள்ளையைத்தான் வைத்தேன்.