மேலே ஏறும் கேஸ்

1997ஆம் வருடம் ஐப்பசி மழையில், மரக்காணம் கடலை விட்டுக் கிளம்பிய ஒரு பாய்மரப் படகு, ஆள் யாரும் இல்லாமல் நிலக்கடலை விளைந்த மல்லாட்டைக் கொல்லைகள் வழியாகப் பாய் விரித்து வந்து, திண்டிவனத்தை அடுத்த பிரம்மதேசம் ஏரியில் நின்றது. செடிகள் கொஞ்சம் சாய்ந்தன. வேறு சேதம் இல்லை. அதே மழையில் குடிசையைப் பறிகொடுத்த சவரிராயனும் அவன் மனைவி லூர்துசெல்வியும், படகைத் தேடி ஒருவரும் வராததால், நாலு வயது மகள் ஜெசியோடு அதில் குடியேறினார்கள். கூரையிலும் பக்கத்திலும் கதவு வைத்த அதன் அறைக்குள் ஒரு அடுப்பும், சி.என்.ஜி. என்று எழுதிய நீண்ட சிலிண்டரும் இருந்தன. இரண்டு வருடம் கேப்பைக்களி கிண்டியும் அந்த சிலிண்டர் தீரவில்லை.

திண்டிவனத்தில் லூர்துசெல்வி பாத்திரம் தேய்த்த வீட்டுக்கு வந்த கேஸ் கம்பெனி ஆள், கசிந்த கேஸ் தரையில்தான் தங்கும், கதவைத் திறந்து கூட்டித் தள்ள வேண்டும் என்று சொல்லிப்போயிருந்தான். அது அந்த வீட்டுச் சிவப்பு சிலிண்டருக்குச் சரி. படகிலிருந்தது காற்றைவிட லேசானது, மேலே ஏறுவது என்று அவளுக்குச் சொல்ல ஆள் இல்லை. அதனால் 1999 ஆவணியில் ஒரு மத்தியானம் அழுகல் நாற்றம் அடித்தபோது, தூறல் விழாமல் கூரைக் கதவைச் சாத்திவிட்டு, பக்கக் கதவு வழியே தரையைக் கூட்டிக் கூட்டித் தள்ளினாள். சிலிண்டர் திருகு மூட வராமல் இறுகிக்கிடந்தது. ஜெசி காய்ச்சலில் தூங்கினாள். புருஷனைக் கூப்பிட லூர்துசெல்வி கரையில் கால் வைத்ததும் பாரம் குறைந்து, படகு தண்ணீரை விட்டு எழும்பியது.

சவரிராயன் ஓடிவந்து, படகைப் பனைமரத்தில் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துத் தொங்கினான். மாடு மேய்த்துக்கொண்டிருந்த கோதண்டபாணி வாயில் பீடியோடு நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா லூர்து, ஊட்ட எங்க அனுப்புற?"

"யோவ், குச்சிய ஒரசாத! கொழந்த உள்ள கீது!"

படகு பனை உயரத்தைத் தாண்டியது. கயிறு ஒவ்வொரு புரியாக அறுந்தது. லூர்துசெல்வி, தான் கூட்டித் தள்ளிய கரையைக் குனிந்து மோந்து பார்த்தாள். கீழே துளி நாற்றம் இல்லை. இவ்வளவு நேரமும் நல்ல காற்றைத்தான் கூட்டித் தள்ளியிருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

"ஜெசி! எழுந்திரு! மேல் கதவத் தொற!"

"தூறுதும்மா. நீதான சாத்துன?"

"தொறடி, ஜல்தி!"

ஜெசி துடைப்பக் கட்டையால் கதவை முட்டித் தள்ளினாள். கேஸ் சீறிக்கொண்டு வெளியேற, படகு கல்லாக விழ ஆரம்பித்தது. "மூடு!" என்று அலறினாள் லூர்துசெல்வி. படகு நின்றது. கொஞ்சம் தொற, போதும், மூடு என்று தொண்டை கட்டும்வரை கத்தி, கடைசிப் புரி அறுவதற்குள் மகளை ஏரியில் இறக்கினாள்.

அந்தத் திருகை மூட திண்டிவனத்து மெக்கானிக்குகளாலும் முடியவில்லை. கூரைக் கதவைச் சாத்தினால் வீடு ஏறியது, திறந்தால் இறங்கியது; ஊர் அதற்குப் பழகிக்கொண்டது. 2013இல் ஜெசி விழுப்புரத்தில் நர்சிங் படித்தாள். சனிக்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கி, கரையில் நின்று, "எம்மா, எறக்கு" என்பாள். லூர்துசெல்வி கூரைக் கதவைத் திறப்பாள். வீடு வந்து தண்ணீரில் உட்கார்ந்து, நாற்றம் முழுக்க அடங்கிய பிறகு, மகளுக்குக் களி கிண்ட அடுப்பைப் பற்ற வைப்பாள்.