ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு துணைத்தேற்றம்

கட்டுரையின் ஒன்பதாம் பக்கத்தில் ‘எளிதில் காணலாம்’ என்று இருந்தது. அவள் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். கணக்குக்காரர்கள் எங்கே எளிது என்கிறார்களோ அங்கேதான் வண்டி மாட்டிக்கொள்ளும். கல்லூரியில் பாடம் நடத்தித் தொண்டை தேய்ந்த இத்தனை வருடத்தில் அவளும் அப்படி எழுதித் தப்பித்ததுண்டு.

கட்டுரை யாரோ ஓர் இளம் ஆய்வாளருடையது. சரியா தவறா என்று பார்த்துச் சொல்லும்படி ஆய்விதழ் அவளுக்கு அனுப்பியிருந்தது. பார்த்தது யார் என்று எழுதியவருக்குத் தெரியாது. கலப்பெண் தளத்தில் ஒரு வகைக்கெழுச் சமன்பாடு, அதற்கு இரண்டு தனித்தனித் தீர்வுகள். இரண்டும் ஒரே புள்ளியில் பூஜ்யமாகாது, அது மாணவர்களுக்கே தெரியும். ஆனால் இரண்டுக்குமே பூஜ்யங்கள் அரிதாக இருக்க முடியுமா? முடியாது என்று நிரூபிக்கத்தான் அவள் பாதி ஆயுளைக் கொட்டியிருந்தாள். பாதி நிரூபணம் கைக்கு வந்தது. மறுபாதி தண்ணி காட்டிக்கொண்டே இருந்தது.

அந்த மறுபாதிதான் இந்தக் கட்டுரை. படிக்கப் படிக்க வயிறு எரிந்தது, அழகாகவும் இருந்தது. ஒன்பதாம் பக்கத்தில் மட்டும், மையத்திலிருந்து எந்தத் திசையில் போனாலும் சார்பு பெருகும் என்று அவர் நம்பிவிட்டார். சில மெல்லிய திசைகளில் பெருகாது. அந்தத் திசைகளைச் சமாளிக்கும், அவளே நிரூபித்த துணைத்தேற்றம் உலகத்தில் ஒரே இடத்தில் இருந்தது, அவளுக்குப் பின்னால், சுவரில் சாய்த்து வைத்த பழைய ஃப்ரிட்ஜ் கதவில்.

ஃப்ரிட்ஜ் பழுது பார்க்கும் அவள் கணவர், உதவாத கதவுகளை அவள் கணக்குப் போட வீட்டுக்குத் தூக்கி வருவார். கடையில் விற்கும் வெள்ளைப் பலகையைவிட உசத்தி என்பது அவர் கட்சி. மற்றக் கதவுகளில் எழுதுவதும் அழிப்பதுமாக இருக்கும். இதில் மட்டும் மேலே ‘அழிக்காதே’ என்று எழுதியிருந்தது.

‘ஒன்பதாம் பக்கத்தில் ஓட்டை இருக்கிறது’ என்று ஒரு வரி அனுப்பினால் போதும். அது பொய்யும் இல்லை. கட்டுரை திரும்பிப் போகும், அதற்குள் இரண்டு பாதியையும் அவளே சேர்த்து எழுதிவிடலாம். ஓய்வு பெறுவதற்குள் தன் பெயரில் ஒரு நல்ல கட்டுரை வந்துவிடும், பதவி உயர்வும் கிடைக்கும். அவளுக்கு அது வேண்டியிருந்தது, வெட்கமில்லாமல் வேண்டியிருந்தது. மத்தியானம் முழுக்க அந்த ஒரு வரியை எழுதினாள், அழித்தாள். பிறகு கதவைப் பார்த்துத் துணைத்தேற்றத்தை வரிக்கு வரி தட்டச்சு செய்து, இதைச் சேர்த்தால் நிரூபணம் நிற்கும் என்று எழுதி அனுப்பிவிட்டாள்.

கணவர் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார்.

“என்ன டீச்சர், முடிஞ்சுதா?”

‘கிட்டத்தட்ட’ என்பதுதான் அந்த வீட்டில் இதற்கு வழக்கமான பதில்.

“முடிஞ்சிருச்சு.”

அவர் நின்றுவிட்டார். “நம்மளோடதா?”

“வேற ஒருத்தரோடது. நம்ம பாதியையும் அதுல போடச் சொல்லி அனுப்பிட்டேன்.”

“உன் பேரு வருமா?”

“பேர் தெரியாத ஒருத்தருக்கு நன்றின்னு வரும்.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். “தப்பு இருக்குன்னு மட்டும் சொல்லிட்டு விட்டிருக்கலாமே.”

“விட்டிருக்கலாங்க. ஆனா அவங்க பாதியப் பாத்துட்டேனே. பாக்காத மாதிரி இனிமே எப்படி எழுதுவேன்?” அழ வேண்டும் போலிருந்தது, அதற்கும் தெம்பில்லை.

அவள் ஈரத்துணியை எடுத்து வந்து முதலில் ‘அழிக்காதே’யைத் தேய்த்தாள். அது அசையவில்லை.

“இத்தனை வருஷம் ஊறுனது தண்ணிக்குப் போகாது. ஸ்பிரிட் எடுத்துட்டு வரேன், இரு.”

அவர் புட்டியோடு திரும்பியபோது அவள் கதவின் முன் குனிந்திருந்தாள். துணியிலிருந்து தரையில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. மறு கையின் விரல் நாலாவது வரியின் கீழ் மெல்ல நகர, உதடுகள் அசைந்தன. எங்காவது பிழை இருக்கிறதா என்று மறுபடி முதலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் புட்டியைத் திறக்காமல் பின்னால் நின்றார்.